முயல் மேல் சாணி

தோட்டத்துக்குள் ஓடி வந்த இலேனியா அப்படியே நின்றுவிட்டாள். அவளும் அகழாய்வுக் கூட்டாளிகளும் தோண்டிய குழி இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு மாட்டுச் சாணி.

நேற்று சாயங்காலம் அங்கே ஒரு முயல் இருந்தது. ரோமானியப் பண்ணையார் எவரோ தன் மாளிகைத் தரையில் பொடிப் பொடி வண்ணக் கற்களால் பதித்து வைத்த முயல் படம். இத்தாலியின் புல்யா மண்ணுக்கு அடியில் ஆயிரத்து எண்ணூறு வருஷம் கிடந்திருக்கிறது. இலேனியாவின் கொத்துக்கரண்டியில்தான் முதலில் காது தட்டுப்பட்டது. அப்புறம் கண். அப்புறம் வாயில் கவ்விய திராட்சைக் கொத்து!

கோடை முழுக்க ஓட்டுத் துண்டு பொறுக்கிச் சலித்த கூட்டம், குழியைச் சுற்றி ஆட்டம் போட்டது.

இன்றைக்கு ஊரே பார்க்க வரும். அவள்தான் படம் எடுத்து, வரும் வழியையும் எழுதி, போனில் ஊருக்கெல்லாம் போட்டிருந்தாள்.

யார் வேலை என்று கேட்கவே வேண்டாம். நிலத்துக்காரர் சவேரியோ டிராக்டரில் உட்கார்ந்து ரொட்டியும் வெங்காயமும் கடித்துக்கொண்டிருந்தார். தக்காளி நட விடாமல் நிலத்தை முடக்கிவிட்டார்கள் என்று முதல் நாளிலிருந்தே முணுமுணுப்பு அவருக்கு.

"அறிவிருக்கா பெரியவரே? வயித்தெரிச்சல்னா எங்க தலையில கொட்ட வேண்டியதுதானே?"

"உங்க தலையில கொட்டி என்ன பிரயோஜனம்?" மென்றுகொண்டே கேட்டார்.

போலீஸைக் கூப்பிடுவேன் என்றாள். கூப்பிட்டாச்சு, வந்துகிட்டிருக்காங்க என்றார் அவர், அலட்டிக்கொள்ளாமல்.

இலேனியா மண்வெட்டியைப் பிடுங்கி வெறியோடு வாரினாள். நாற்றம் மண்டையைப் பிளந்தது. சாணிக்கு அடியில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு. அதற்கும் அடியில் பூப்போட்ட உறையோடு ஒரு கம்பளி மெத்தை, வீட்டுக் கட்டிலில் இருந்து அப்படியே தூக்கி வந்தது.

மெத்தையைப் புரட்டினாள். ஒரு கல்கூட அசையவில்லை. முயல் பாட்டுக்குத் திராட்சை தின்றுகொண்டிருந்தது.

"எதுக்கு இதெல்லாம்?" அவள் குரல் இறங்கிவிட்டது.

சவேரியோ வேலிப் பக்கம் கை காட்டினார். ஈர மண்ணில் வேன் சக்கரத் தடம். வேலியை அறுத்துக்கொண்டு சாணி வரைக்கும் வந்து, அப்படியே திரும்பிப் போயிருந்தது.

"வழி எழுதிப் போட்டியே பொண்ணு. அந்த விருந்தாளிங்க ராத்திரியே வந்துட்டாங்க, கடப்பாரையோட."