புது மானிட்டருக்குப் பொட்டு

எதிர்த்துப் பேசினான் என்று, கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பரந்தாமனின் பிடரியைப் பிடித்து மானிட்டரிலேயே ஓங்கி மோதினார் மேனேஜர் ராஜவேலு. கண்ணாடியோடு மண்டையும் உடைந்தது. வழுக்கி விழுந்து செத்தான் என்றார். ஆம்பூர் தோல் டேனரி மொத்தமும் நம்பியது.

மறுமாதம் புது கம்ப்யூட்டர் வந்தது. பழையதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அதில் மாட்டினான் மெக்கானிக் கனகராஜ். ஸ்விட்சைப் போட்டதும் பழைய மெஷினைப் போலவே திரையில் தேதியை டைப் செய்யக் கேட்டது.

“எல்லாம் அப்படியே வந்துடுச்சு சார்.”

“பொட்டு வெச்சிடுப்பா, பூஜை போட்டுடலாம்” என்று ராஜவேலு கற்பூரம் எடுக்கப் போனார்.

திரும்பி வந்தபோது திரையின் நடுவிலிருந்து சிவப்பாக வழிந்துகொண்டிருந்தது.

“இன்னாப்பா, குங்குமத்துல தண்ணி ஜாஸ்தியா?”

கனகராஜ் அப்போதுதான் குங்குமப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

“நான் இன்னும் பொட்டே வெக்கலியே சார்.”