விடுபட்ட இரண்டு

“இந்தக் கணக்கு சரியான்னு பாத்துச் சொல்லுடி. நாளைக்கு கிளாஸ்ல புள்ளைங்களுக்குக் குடுக்கணும்.”

ஸ்டெபானி கணக்கு எழுதிய கொப்பியை நீட்டினாள். விஜயகலா கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கினாள். காலையில் வெட்டிய ரப்பர் பால் விரல் இடுக்கில் காய்ந்து ஒட்டியிருந்தது.

இருவரும் ஒன்றாக உயர்தரப் பரீட்சை எழுதியவர்கள். இரசாயனத்தில் விஜயகலாவுக்கு பி, ஸ்டெபானிக்கு சி. பல்கலைக்கழகம் இருவருக்குமே கிடைக்கவில்லை. ஆனால் தெரணியகலையில் பாறூக் சேர் நடத்தும் டியூஷன் வகுப்பில் உதவி ஆசிரியை வேலை ஸ்டெபானிக்குத்தான் கிடைத்தது. அவள் தினமும் சேலை கட்டி, குடை பிடித்து பஸ்ஸுக்குப் போவதை, பால் வாளியும் கையுமாக ரப்பர் மரங்களுக்கு நடுவில் நின்று விஜயகலா பார்ப்பாள். அதன் பிறகு சோறு இறங்காது.

கல்சியம் குளோரைட்டின் அயன்களைப் பிணைத்து வைக்கும் சாலக சக்தியைக் காணும் கணக்கு. அதற்கான போன்-ஏபர் வட்டம் அழகாக வரையப்பட்டிருந்தது. கல்சியத்தின் பதங்கமாதல், இரண்டு அயனாக்கங்கள், குளோரின் பிணைப்பை உடைப்பது, எல்லாம் சரி. அடுத்த வரியில் விஜயகலாவின் கண் நின்றது.

குளோரின் அணுக்கள் இரண்டு. இலத்திரன் நாட்டத்தை இரண்டால் பெருக்க வேண்டும். பெருக்கவில்லை. விடை முந்நூற்று நாற்பத்தொன்பது கிலோயூல் பிசகியிருந்தது.

“என்னடி, பிழை ஏதும் இருக்கா?”

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எழுந்து நின்று, “டீச்சர், பிழை!” என்று சொல்வதும், வகுப்பே சிரிப்பதும், பாறூக் சேர் முகம் சுளிப்பதும் விஜயகலாவின் மனதில் ஓடின. இனித்தது.

“இல்ல. எல்லாம் சரியாத்தான் இருக்கு.”

“இன்னொருக்கா நல்லாப் பாருடி.”

“அதான் சரின்னு சொல்றேன்ல!”

ஸ்டெபானி கொப்பியை உடனே வாங்கிக்கொள்ளவில்லை. விஜயகலாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அதை வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் மாலை விஜயகலா பஸ் நிற்கும் இடத்துக்கே போய்க் காத்திருந்தாள். இறங்கிய ஸ்டெபானியின் கண்கள் சிவந்திருந்தன.

“என்னடி அழுதியா? கிளாஸ்ல ஏதும் பிரச்சினையா?” என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“கிளாஸ்ல அந்தக் கணக்கே குடுக்கல. எனக்கு ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கெடைச்சிருக்குடி. என் வேலைக்கு உன்னைய எடுக்கச் சொல்லி ஒரு மாசமா சேர்கிட்ட கெஞ்சினேன். அவருதான் வேணும்னே ஒரு பிழைய வச்சு எழுதச் சொல்லி, ‘அவ இதைக் கண்டுபிடிச்சா திங்கக்கெழமையே வரச்சொல்லு’ன்னாரு. இன்னைக்கு வேற ஆளை எடுத்துட்டாரு. அனே ஐயோ, உனக்குப் போய் எப்பிடிடி அது தெரியாமப் போச்சு?”