ஆடு நின்ற படம்

பழைய ரயில் கொட்டகை ஒன்றில் வினோதமான வழக்கம். எந்த எஞ்சினின் படம் சுவரில் ஏறுகிறதோ அதைக் காப்பாற்றுவார்கள், ஏறாததை உடைத்துவிடுவார்கள். படங்களைத் தேர்ந்தெடுப்பது கைகாட்டி மரம். சட்டம் என்றால் அதற்கு உயிர்.

ஒருநாள் கிழட்டு நீராவி எஞ்சினின் படம் வந்தது. சக்கரத்தருகே ஓர் ஆடு நின்றது.

"இங்கே ரயில் படம் மட்டும்தான். இது ஆட்டுப் படம்," என்றது கைகாட்டி.

"அண்ணே, ஆட்டை விடுங்க, எஞ்சினைப் பாருங்க. அதுக்கு இருக்கிறதே இந்த ஒரு படம்தான்," என்று கெஞ்சியது அரிக்கேன் விளக்கு.

"உனக்காகச் சட்டத்தை வளைக்கச் சொல்றியா?"

வெள்ளிக்கிழமை எஞ்சினைக் கூறு போட்டார்கள்.

மறுவாரம் விளக்கு வேறொரு படத்தை நீட்டியது. பிளந்து கிடக்கும் கொதிகலன், பக்கத்தில் அதே எஞ்சினின் சக்கரங்கள், குவியலாக.

கைகாட்டி மூலை முடுக்கெல்லாம் தேடியது. ஆடு இல்லை.

"இதுதான் ரயில் படம்! மாட்டு," என்றது.