பீரிசில் நாலு ஸ்க்ரூ

சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் கூவத் தொடங்கியது. நிற்கவில்லை. டீவித் திரை கறுப்பாகவே கிடந்தது.

அணைத்தேன். மறுபடி போட்டேன். அதே கூவல்.

“என்ன றமீலா, உடரட்ட மெனிக்கே ரயில் வந்திட்டா?” முற்றத்தில் வேன் கழுவிக்கொண்டிருந்த என் கூடப்பிறந்த மூத்தவர் ஷுக்ரி நானா கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து மணிக்கு நானாவின் வேனில் இதைப் பண்டாரவளைப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

போன தடவை அங்கே கசெட்டிலிருந்து ஒரு பாடத்தை ஏற்றிக் காட்டினேன். அது ஏறுவதற்குள் அதிபர் அம்மா தேநீர் குடித்து முடித்துவிட்டார். முடித்த பிறகு கசெட் பாதியில் நின்றது. டிஸ்க் போட்டுக்கொண்டு வந்தால் கம்ப்யூட்டர் வகுப்பை எனக்கே தருவதாகச் சொன்னார்.

ரியாதிலிருந்து மாமா டிஸ்க் டிரைவை அனுப்பினார். கம்ப்யூட்டருக்குள் செருக ஒரு சிப்பும் அதோடு வந்தது. நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு நானே திறந்து, நானே செருகி, நானே மூடினேன். டிஸ்க்கில் இருந்த பாடங்களின் பெயர்கள் டீவியில் வரிசையாக வந்து நின்றன. உம்மா கை தட்டினார்.

இன்று கூவுகிறது.

டிரைவின் வயரைக் கழற்றிவிட்டுப் போட்டேன். கூவியது. அப்படியென்றால் கோளாறு டிரைவில் இல்லை, உள்ளே. அடியில் இருந்த நான்கு ஸ்க்ரூவையும் கழற்றித் தேநீர்க் கோப்பையின் பீரிசில் போட்டேன். மூடியைத் தூக்கி வைத்த பிறகு நானாவைக் கூப்பிட்டேன். டோர்ச் பிடிக்க ஒரு கை வேண்டும்.

ஈரக் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்தார்.

“எனக்கு இதுல ஒண்டும் வெளங்காது தங்கச்சி. ஸ்பேனர் புடிக்கிற கை. தொட்டா ஒடஞ்சிரும்.”

“தொட வேணாம். வெளிச்சத்த மட்டும் புடிங்க.”

ஆடாமல் பிடித்தார்.

அவர் எனக்கு எப்போதும் அப்படித்தான். வெலிமடையில் ஒரு வீட்டிலிருந்து மாற்றுக் கல்யாணப் பேச்சு வந்தது. அவர்களின் மகள் நானாவுக்கு, மகனுக்கு நான். ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும். மருமகள் வேலைக்குப் போகக்கூடாது என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். வாப்பா தலையாட்டிவிட்டார். நானாதான் எழுந்து நின்று சொன்னார்: “பள்ளிக்கூடத்துல எடுத்தா அவ போகட்டும் வாப்பா. எனக்கு வேற எடத்துல பாப்பம்.”

அன்று இரவு அவர் தட்டில் பெரிய மீன் துண்டை நானே எடுத்து வைத்தேன்.

அந்தப் பெண்ணை நானா ஒரு தடவை பார்த்திருக்கிறார், வெலிமடைச் சந்தைக்குத் துணி கொண்டுபோன நாளில். பிடித்ததா இல்லையா என்று அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை பதில் கேட்டு வருகிறார்கள்.

“ஏலாட்டி விடு,” என்றார் நானா. “அல்லாஹ் நாடினது அவ்வளவுதான் எண்டு நெனச்சிக்க.”

சிப்பின் கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு பக்கம் சரியாக இருந்தது. மறுபக்கத்தில் ஒரு கால் குழிக்குள் இறங்காமல், உட்புறமாக மடிந்து, சிப்பின் வயிற்றுக்கடியில் படுத்திருந்தது.

வெட்கமாகப் போயிற்று. நேற்று நான் அழுத்தும்போதே மடிந்திருக்க வேண்டும். முனை மட்டும் தொட்டுக்கொண்டு ஓடியிருக்கும். இரவுப் பனியில் சுருங்கி விட்டுப்போயிருக்கும்.

“அவசரப்பட்டிருப்பாய்,” என்றார் நானா.

“ஓம் நானா.”

சிப்பைக் கிளப்பி, உம்மாவின் தையல் ஊசியால் காலை நிமிர்த்தினேன். இன்னொரு தடவை மடிந்தால் ஒடிந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பச் செருகி, டிரைவின் வயரையும் மாட்டி, சுவிட்சைப் போட்டேன்.

சின்னதாக ஒரு சத்தம். அவ்வளவுதான். திரையில் பாடங்களின் பெயர்கள் வந்தன.

“மாஷா அல்லாஹ்,” என்றார் நானா. கொஞ்சம் தாமதமாக.

அணைத்து, மூடியைப் பொருத்திக் கவிழ்த்தேன். இனி ஸ்க்ரூதான். மூன்று நீளம், ஒன்று கட்டை. பார்த்தவுடன் வித்தியாசம் தெரியாது. கட்டையானது இடது பக்கத்து முன் துளைக்கு. அங்கே நீளமானதை ஏற்றினால் கீபோர்டில் போய் முட்டும்.

இடது துளையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, திரும்பாமலே மற்றக் கையை நீட்டினேன்.

நானா பீரிசைக் கிளறினார். ஒன்றை எடுத்துப் பார்த்துத் திரும்பப் போட்டார். இன்னொன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

கட்டையானது.

கட்டையானதைத் தரச் சொல்லி நான் கேட்கவில்லை. நான்கில் ஒன்று கட்டை என்று இந்த வீட்டில் யாருக்கும் சொன்னதும் இல்லை. சற்று முன் நான் கழற்றும்போது அவர் முற்றத்தில் வேன் கழுவிக்கொண்டிருந்தார்.

வைத்துத் திருகினேன். சரியாகப் போய் உட்கார்ந்தது.

இரவில் இதை எவ்வளவு கவனமாகத் திறந்திருக்கிறார். எதை எங்கே கழற்றினாரோ அதை அங்கேயே போட்டு, எவ்வளவு கவனமாக மூடியிருக்கிறார்.

நிமிர்ந்தேன். நானா பீரிசையே பார்த்துக்கொண்டிருந்தார். டோர்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது, சுவரைப் பார்த்து.

மீதி மூன்றும் ஒரே நீளம். எதைக் கொடுத்தாலும் பிழையில்லை. அவர் எதையும் எடுக்கவில்லை.

பீரிசை அவர் முன்னாலிருந்து எடுத்து, மூன்றையும் நானே போட்டேன்.

“நான் பஸ்ஸில போறேன் நானா,” என்றேன். “நீங்க வேன எடுத்துக்கிட்டு வெலிமடைக்குப் போங்க. வெள்ளிக்கிழம வர வேணாமெண்டு சொல்லிட்டு வாங்க.”