சிறுத்தைக்கு விழுந்த லைக்

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று, அந்த ஆன்லைன் ஆறுதல் குழுவின் அட்மின் சென்னிமலையே கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார்.

"அந்தப் பழக்கத்தை உட்டாத்தான் ஊட்டுக்கு வாரேனுங்க" என்று சண்முகப்பிரியா அன்னூரில் இருக்கும் தாய்வீட்டுக்குப் பெட்டி கட்டிய அன்றே, அவள் கணவன் அருள்குமார் குழுவில் சேர்ந்தான்.

"ஊட்டுக்காரி போயிட்டாளுங்க. இன்னிக்குப் பூரா அந்தப் பக்கமே போகலைங்க" என்று எழுதினான். ஒரு லைக் கூட விழவில்லை. மனசு ஒடிந்துபோனது.

மறுநாள், "மதுக்கரை ரோட்டுல சிறுத்தை மறிச்சுதுங்க. டீ வாங்கிக் குடுத்து அனுப்பிச்சுப்போட்டேன்" என்று போட்டான். லைக் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

"ஏனுங்கண்ணா, சக்கரை போட்டுங்களா?" என்று கேட்டார் ஒருவர்.

"எங்கூட்டுக்கு வந்தப்ப காப்பிதான் கேட்டுச்சுங்க" என்றார் இன்னொருவர்.

அட்மின் பதறினார். "இது ஆறுதல் குழுவுங்க, ரேக்ளாப் பந்தயமில்லை. லைக் பட்டனை எடுத்துப்போடலாமுங்களா?"

அந்த யோசனைக்கு ஒரு லைக்கும் விழவில்லை.

"வேண்டாமுங்க! இப்பத்தான் எனக்கு ஆறுதலாவே இருக்குது" என்று கெஞ்சினான் அருள்குமார்.

எல்லாவற்றையும் படித்த சண்முகப்பிரியா போன் செய்தாள். "நான் அன்னூர்லயே இருந்துக்கறேனுங்க."

குழுவின் பெயர், 'பொய் சொல்லும் பழக்கத்தை விட்டொழிப்போர் சங்கம்.'