ஒல்லியான கம்பெனி

மச்சினன் போன பிறகு அவன் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருக்க நிறுவனருக்கு மனம் வரவில்லை. பழைய சாமான்காரரிடம் தள்ளிவிட்டார். அதோடு அவர் விற்ற நாற்காலிகள் பன்னிரண்டு ஆயின.

மச்சினன் ஒன்றும் செத்துப்போகவில்லை. சீட்டைக் கிழித்ததே நிறுவனர்தான். கடையில் சரக்கு தீருமுன் எச்சரிக்கும் செயலி அவருடையது. அந்தக் கம்பெனி முதலீட்டாளர் கண்ணுக்கு ஒல்லியாகத் தெரிய வேண்டுமாம்.

"ஏங்க, என் தம்பி என்ன உங்க கம்பெனிக்கு வந்த தொப்பையா?" என்று கேட்ட மனைவி, அதற்குமேல் பேசவே இல்லை.

ஆறு வருடத்துக்கு முன் முதலீட்டாளர்கள் வெறும் யோசனைக்கே பணம் கொடுத்தார்கள். ஆள் பலம் இருக்கிறதா என்று மட்டும் கேட்பார்கள். இதே முதலீட்டாளர் பார்க்க வந்த அன்று மச்சினன்தான் தன் சிநேகிதர்களுக்குச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி, ஊழியர்கள்போல் வரிசையாக உட்காரவைத்துக் காரியத்தை முடித்துக்கொடுத்தான். அப்புறம் வாடிக்கையாளர் எங்கே என்றார்கள், வருமானம் எங்கே என்றார்கள். இப்போது, எதற்கு இத்தனை பேர் என்கிறார்கள்.

இந்த முறை முதலீட்டாளர் கைவிரித்தால் மாதக் கடைசியில் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்.

கண்ணாடி அறையில் முதலீட்டாளர் எடுத்த எடுப்பிலேயே கேட்டார். "எத்தனை பேர் இருக்கீங்க?"

"நான் ஒருத்தன்தான் சார். மச்சினனைக்கூட அனுப்பிட்டேன்."

விற்பனை முதல் வாடிக்கையாளரிடம் திட்டு வாங்குவதுவரை எல்லாவற்றையும் மென்பொருளே பார்த்துக்கொள்கிறது என்று நிறுவனர் நெஞ்சை நிமிர்த்தினார். முதலீட்டாளர் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, கேள்விகளை அதனிடமே தட்டினார். நிறுவனர் இரண்டு முறை வாயைத் திறந்தார்; இரண்டு முறையும் அது முந்திக்கொண்டது.

அரைமணி நேரத்தில் முதலீட்டாளரின் முகம் மலர்ந்துவிட்டது. இப்படி ஒரு கம்பெனியைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், பணம் உறுதி என்றார். நிறுவனருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனைவியைச் சமாதானப்படுத்த என்ன வாங்கிப் போகலாம் என்றுகூட யோசித்துவிட்டார்.

கையெழுத்துப் போடக் குனிந்த முதலீட்டாளர், ஏதோ உறுத்தியவர்போல் பேனாவை மூடினார். நிறுவனரை அன்று முதன்முறையாக ஏற இறங்கப் பார்த்தார்.

"எல்லாம் சரி. ஒரு ஆள் மட்டும் இன்னும் அதிகமா இருக்கே?"