கிரீஸ் பூசிய கப்பல்

குளிர்நாட்டு நகரான மில்லிக்கனில் இலையெல்லாம் உதிர்ந்து முடிந்த ஒரு பின்னேரம். கராஜின் பாதி உயர்த்திய கதவுக்குக் கீழால் வந்த வெயில் சிமெந்துத் தரையில் நீண்டு கிடக்கிறது. நவரட்ணம் புல்வெட்டும் மெஷினைச் சரித்து வைத்து, குளிர்காலத்தில் துருப்பிடிக்காமல் அதன் அலகுக்குக் கிரீஸ் பூசுகிறார். மனைவி யோகமலர் பெயின்ற் வாளியைக் கவிழ்த்து அதில் இருந்தபடி, போனில் ஒரு நீராவிக் கப்பலின் கதையை வாசித்துச் சொல்கிறாள். ஆபிரிக்காவின் தங்கனிக்கா ஏரியில் ஜெர்மன்காரர் ஓடவிட்ட கப்பல். முதலாம் உலக யுத்தத்தில் பின்வாங்கும்போது அவர்களே அதை மூழ்கடித்துவிட்டார்கள். "இஞ்சேருங்கோ, தண்ணிக்குள்ளை தாழவிடமுதல் எஞ்சினுக்கெல்லாம் கிரீஸ் அப்பினவையாம்."

நவரட்ணத்தின் விரல் அலகிலேயே நிற்கிறது. தொண்ணூற்றைந்தில் சண்டையால் ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று அவரும் தண்ணீர்ப் பம்புக்குக் கிரீஸ் அப்பி, பொலித்தீனால் சுற்றி, வீட்டுக்குப் பின்னால் புதைத்தவர். போன கிழமை, இப்போது அந்தக் காணியில் இருக்கிறவர்கள் கக்கூசுக்குக் குழி வெட்ட, அது மண்வெட்டியில் தட்டுப்பட்டிருக்கிறது. என்ன செய்ய என்று கேட்டு அவர்கள் அனுப்பிய செய்திக்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

"பூசினவை திரும்பி வந்து எடுத்தவையோ?"

"இல்லை. எட்டு வருசத்தாலை இங்கிலிஸ்காரர் கிளப்பினவை. எஞ்சின் பழுதாகேல்லையாம். பிறகு கன காலம் சனத்தை ஏத்தி இறக்கினதாம்."

காற்றில் வந்த மேப்பிள் இலையொன்று அலகில் ஒட்டுகிறது. அதை நகத்தால் மெல்லக் கிளப்புகிறார்.

"அந்தப் பம்பை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிப்போட்டு, தங்கடை தோட்டத்துக்கு இறைக்கச் சொல்லி அவையளுக்கு நீர் எழுதிவிடும்," என்கிறார்.